பகல் நிறுவையில் நின்றுபோன கூட்டல்

1988 மே 17, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40. தூறல் விட்டு நான்கு நிமிடம். பசறைப் பக்கம் வெயில். எங்கள் தோட்டத்துக்கு மேலே மட்டும் ஒரு கறுத்த மேகம். நான் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். காலையிலிருந்து தலைவலி மாத்திரை மூன்று விழுங்கியிருந்தேன். தேயிலைக் கொழுந்து நிறுவையைக் கம்ப்யூட்டர் கூட்டும் முதல் நாள் அது. புரோகிராம் என்னுடையது. பதுளைக்குப் பதினொரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கற்ற சி மொழியில், 64 வரி.

எங்களிடம் நிறுவை நாளுக்கு இரண்டு முறை. கொழுந்து மண்டும் காலத்தில் மூன்று, சில நாள் நான்கு. ஆகவே புரோகிராமில் கூட்டும் பகுதியான ஃபங்ஷனுக்கு எத்தனை எண் வரும் என்று முன்கூட்டியே எழுத முடியாது. சி மொழியில் அதற்கும் வழி உண்டு. முதல் எண்ணுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று புள்ளி வைத்தால் போதும், எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அதைப் படித்த அன்று பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய ஹோல்டுக்கு இரண்டு ஹோல்ட் தாண்டி இறங்கினேன்.

ஆனால் எங்கே நிறுத்துவது என்று ஃபங்ஷனுக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் மெமரியில் கிடக்கும் குப்பையையும் சேர்த்துக் கூட்டும். முதல் சோதனையில் ஒருத்தி இருபத்தோராயிரம் கிலோ பறித்திருந்தாள்! அதனால் கடைசி எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் வைத்தேன். பூச்சியம் கண்டால் நில்.

4.40க்கு ஜன்னலில் ஒரு கொழுந்துக்காரப் பெண், இடுப்பில் குழந்தையோடு.

"கிளாக்கரய்யா, எனக்கு அரைப் பேரா?"

அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம். பதினான்கு கிலோவுக்குக் குறைந்தால் அதுதான். ஐந்து மணிக்குப் பட்டியல் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்விட்டால் மாற்ற முடியாது.

"ஆறு கிலோவுக்கு முழுப் பேர் போட முடியுமாம்மா?"

"காலையில ஆறு, அந்தியில பதினொண்ணு. இந்தா தராசுல எழுதிக் குடுத்த துண்டு."

"பகலுக்கு?"

"புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டேங்க. நிறுக்கல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"பொய் சொல்லுச்சுன்னு யாரு சொன்னா? பாதியிலேயே வாய மூடிக்கிச்சு." பின்னால் நின்ற முப்பது பெண்களும் சிரித்தார்கள். "பொட்டி மேல தப்புன்னா எங்க எல்லாருக்கும் திங்கப் பணிஸும் குடிக்கப் பிளேன்டீயும். சரிங்களா?"

"சரி!" என்றேன், கோபத்தில்.

அவளுடைய வரியைத் திரையில் எடுத்தேன். 6, 0, 11, 0. நிறுக்காத பகலுக்கு நானே பூச்சியம் அடித்திருக்கிறேன். ஃபங்ஷன் அதைக் கண்டதும் சொன்ன சொல் தட்டாமல் நின்றிருக்கிறது. பதினொரு கிலோ பூச்சியத்துக்கு அந்தப் பக்கம்!

நாற்காலி சாய எழுந்தேன். முடிவுக்குறியை மைனஸ் ஒன்று ஆக்கினேன். எந்தத் தராசிலும் மைனஸ் ஒரு கிலோ கொழுந்து விழாது. 4.53க்கு ஓடவிட்டேன். பதினேழு!

"பதினேழு! முழுப் பேர்!" என்று ஜன்னலில் கத்தினேன். தோற்றவன் நான்தான்; ஆனாலும் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் நான்கு பேருக்கும் பகலில் பூச்சியம்; நால்வரும் பால் கொடுக்கப் போனவர்கள். ஐந்து வரியும் திருந்தி, 4.58க்குப் பட்டியல் துரையின் மேசைக்குப் போனது.

"அய்யா ஆடுறாரு பாருங்கடி," என்றாள் அவள்.

தோட்டத்துக் கடையில் பணிஸ் 31, 62 ரூபாய். பிளேன்டீ 31 ரூபாய். குழந்தைக்குத் தனியாக ஒரு பணிஸ், 2 ரூபாய். கையை வீசி மூன்று புள்ளியை விளக்கப் போய் நான் உடைத்த கிளாஸ் 7 ரூபாய் 50 சதம். மொத்தம் 102 ரூபாய் 50 சதம்.