அக்கா நடத்திய சனிக்கிழமை வகுப்பு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கு அவர் எங்கள் வீட்டின் மூத்த பெண். தம்போயில் எங்கள் குடியிருப்புப் பகுதியான தாமானில் வசிப்பவர்களுக்கு டீச்சர். இரு தரப்பாருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றி, உடன்பிறந்த தம்பி என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அக்கா கூலாய்க்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே லோரி ஓட்டினார். வீடமைப்புக்காகத் தோட்டம் விற்கப்பட்டபோது எங்களைச் சீக்கிரம் காலி செய்யச் சொன்னார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று அங்கிருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் அக்கா செய்தவற்றுக்கு இதுதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்போய்க்கு வந்தபின் அப்பா நோயில் விழுந்தார். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்த அக்கா, தொழிற்சாலை பஸ்ஸில் பாசிர் கூடாங் போய் ஷிப்ட் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். நாங்கள் தலையெடுத்த பிறகுதான் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்கூடாயில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றார். அவர் கடிந்து பேசுவது குறைவு. விட்டுக்கொடுப்பதும் குறைவு.

நாட்டில் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைந்த பிறகு, தாமான் மண்டபத்தில் இளையோருக்காகச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அரசியல் கட்சிகளைப் பற்றி அங்கே பேசக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்கு என்ன வாங்குவது என்று வாக்கெடுப்பு வைத்தார். கோழிச் சோறான நாசி ஆயாம் வென்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“இங்க ரெண்டு பேரு சைவம். அவங்கள என்ன செய்யப் போறீங்க?” என்று அக்கா கேட்டார்.

“அவங்க தோத்துட்டாங்களே டீச்சர்.”

“தோத்தாங்க சரி. அதுக்காகப் பட்டினி கெடக்கணுமா?”

அன்றைய பாடம் அவ்வளவுதான். அடுத்தடுத்த வாரங்களில் கூட்டக் குறிப்பு எழுதுவது, தீர்மானம் முன்மொழிவது, குரலை உயர்த்தாமல் மறுத்துப் பேசுவது ஆகியவற்றைச் செய்துபார்க்க வைத்தார்.

இரண்டாம் ஆண்டு நடந்ததைத் தாமானில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் கண்டது இது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், நெடுங்காலம் குடியிருப்பாளர் சங்கத் தலைவராக இருந்தார். எப்போதும் போட்டியின்றித் தேர்வானவர். மண்டபத்தை ஒட்டிய திடலின் பெரும்பகுதியைக் கார் நிறுத்துமிடமாக்க அவர் தலைமையிலான செயற்குழு முடிவு செய்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் காரை விட இடமில்லை என்ற அவர் வாதம் பொய்யல்ல. பிள்ளைகளுக்கு விளையாட வேறு திடல் இல்லை என்பதும் பொய்யல்ல.

வகுப்பில் ரேணுகா என்ற பெண் இருந்தார். வயது பத்தொன்பது, டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சனிக்கிழமை எழுந்து, “டீச்சர், நான் தலைவருக்கு நிக்கலாமா?” என்று கேட்டார்.

“சங்க விதியில என்ன போட்டிருக்கு?”

“பதினெட்டு வயசு, உறுப்பினரா இருக்கணும். அவ்வளவுதான்.”

“அப்புறம் ஏன்மா என்னைக் கேக்குற?”

“தலைவர் உங்க வீட்டுக்காரராச்சே.”

“அது விதியில இல்ல,” என்றார் அக்கா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அத்தான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: “ரேணுகாவ நீதான் தூண்டி விட்டியா?”

“தூண்டி விடல. கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தேன். அது நம்ம வீட்டுக்கே வரும்னு நெனைக்கல.”

“வந்துருச்சுல்ல. நிறுத்தச் சொல்லு.”

“நான் சொன்னா நிறுத்திருவாங்க. அதனாலதான் சொல்ல மாட்டேன்.”

பொதுக்கூட்டத்தில் வழக்கம்போல் கை உயர்த்தச் சொன்னார்கள். அக்கா எழுந்து, ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று முன்மொழிந்தார். முகத்துக்கு நேராக அத்தானை எதிர்த்துக் கை தூக்கப் பலரும் தயங்குவார்கள் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். தலைவர் என்ற முறையில் அவர் மறுத்திருக்கலாம். ஆனால், “அப்படியே செய்ங்க,” என்றார். ரேணுகா வென்றார். வித்தியாசம் சொற்பம். அத்தான் மண்டபச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

அதன்பின் பல வாரங்கள் அவர் அக்காவிடம் பேசவில்லை. காலைத் தேநீரைக் கடையில் குடித்தார். எதிர் வீட்டார் சிலர் அக்காவைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டார்கள். அக்கா யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் அந்த நாள்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

திடல் பிழைத்தது, கார் தொல்லை தீரவில்லை. புதிய செயற்குழுவுக்கு வழி புலப்படவில்லை. ரேணுகாவும் குழுவினரும் அக்காவிடம் கேட்க வந்தபோது, “எனக்கு இது தெரியாது. தெரிஞ்சவரு உள்ள இருக்காரு,” என்றார் அக்கா. அத்தான் அவர்களை வெகுநேரம் காக்க வைத்தார். பிறகு வெளியே வந்து, கால்வாய் ஓரமாக ஒரு வரிசை காரை விட்டால் திடலைத் தொட வேண்டியதில்லை என்று நடந்தே காட்டினார். அடுத்த பொதுக்கூட்டத்தில் சாதாரண உறுப்பினராகப் பின்வரிசையில் அமர்ந்து, புதிய செயற்குழுவைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார். அக்கா சிரித்ததை அன்றுதான் மீண்டும் பார்த்தேன்.

சிறுநீரகம் பழுதான பிறகும் அக்கா வகுப்பை நிறுத்தவில்லை. முடியாத வாரங்களில் ரேணுகா நடத்தினார். கடைசி நாள்களில் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள், டீச்சருக்கு அலுப்பு வேண்டாம் என்று நினைத்து, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். “எல்லாரும் ஆமான்னா நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?” என்றார் அக்கா. சில நாள்களில், அத்தான் கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் காலமானார்.

அக்காவை டயாலிசிசுக்கு அழைத்துச் சென்ற அண்டை வீட்டாருக்கும், கனிவோடு கவனித்த தாதியருக்கும், எல்லைப் பாலத்து நெரிசலைக் கடந்து சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர்களுக்கும், ஈமச்சடங்கில் உடன்நின்ற சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது.

அச்சுக்கு அனுப்புமுன் இக்கட்டுரையை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அவ பண்ணதுல பாதிய நான் இன்னமும் ஒத்துக்கல. அதையும் போடு. இல்லன்னா அவளுக்குப் பிடிக்காது.”