வெட்டு வாத்தியாரின் இரண்டு கோடுகள்

முதுகுக்குப் பின்னால் அவருக்கு வெட்டு வாத்தியார் என்று பெயர். மாடியறையில் வேதியியல் டியூஷன் எடுத்தார். இரண்டு கரைசல்களைக் கலந்தால் சில சமயம் ஏதாவது வீழ்படிவாக அடியில் தங்கும். எதிலும் சேராமல் தண்ணீரிலேயே கிடக்கும் பார்வையாளர் அயனிகளைச் சமன்பாட்டின் இருபுறமும் கோடு போட்டு வெட்டிவிட்டால் மிஞ்சுவது நிகர அயனிச் சமன்பாடு. அதுவரை சரிதான். மனிதர் அதோடு நின்றாரா?

"எந்தக் கேள்வி வந்தாலும் ரெண்டு அயனியை வெட்டியே ஆகணும். வெட்டாதவன் என் ஸ்டூடண்டே இல்ல!" என்று தானாக ஒரு சட்டம் போட்டு, சிவப்புச் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, மீசையைத் தடவிக்கொள்வார். அடியில் என்ன தங்கியது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அந்த மண்டைக்கனத்தோடு குனிவது கஷ்டம்தான்.

மகளுக்கு மருந்தியல் படிக்க ஆசை. நுழைவுத்தேர்வு நெருங்கிய சமயம், பள்ளி ஆய்வகத்தில் பேரியம் ஹைட்ராக்சைடையும் காப்பர் சல்பேட்டையும் கலந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, பேரியம் சல்பேட், காப்பர் ஹைட்ராக்சைடு ரெண்டுமே படிஞ்சிடுச்சு. இதுல வெட்ட ஒண்ணுமே இல்லப்பா."

"காப்பரையும் ஹைட்ராக்சைடையும் வெட்டு. அது தண்ணியில இருக்கும்."

"காப்பர் இருந்தா மேல தண்ணி நீலமா இருக்கணுமே? வெறும் தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சேப்பா."

பதில் தெரியாதபோது அவருக்குக் கைகொடுப்பது தொண்டை ஒன்றுதான். "அப்பனுக்கே பாடம் எடுக்கிறியா?" என்று வீடு அதிரக் கத்தினார். அம்மா கண்ஜாடை காட்டினாள். மகள் வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்ன இரண்டையும் வெட்டி எழுதிக் காட்டினாள். வென்றுவிட்ட திருப்தியில் அவர் அன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. ஒரே ஒரு மார்க்கில் இடம் கைநழுவிப் போனது.

வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றாவது சும்மா இருந்திருப்பார். தெருவாசலில் நின்று, விடைத்தாள் திருத்தியவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்று போவோர் வருவோரிடமெல்லாம் முழங்கினார். ஆத்திரம் தீராமல் உள்ளே வந்து மகளிடம் பாய்ந்தார்.

"அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எப்படிடீ கோட்டை விட்ட?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். குரல்கூட உயரவில்லை.

"முதல்ல வெட்டாம சரியாத்தான்பா எழுதினேன். பேப்பரைக் குடுக்கப் போறப்ப உங்க முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. வெட்டிட்டேன்."

மாடியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். வாத்தியார் சிவப்புச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மேலே போனார்.