பிள்ளையார்பாளையம் கிருபையம்மாளுக்காக ஒரு ஜெபம்

இந்த ஊரில் ஐயர் வருவதற்கு முன்னால் அவருடைய கடிதம் வருகிறது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா, உங்களுக்குச் சௌகரியப்படுமா என்று ஒரு சின்ன கார்டு. தேவாலயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலு கட்டடம்கூட இல்லை. இதற்குப் பதில் எழுத வேண்டுமா, பேசாமல் இருந்துவிடலாமா என்று நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். இங்கே அவரை விகார் என்று சொல்கிறார்கள். எங்கள் வாயில் ஐயர்தான் வருகிறது.

எங்கள் சபையில் போதகருக்கு ஐயர் என்றுதான் பெயர். காஞ்சிபுரம் மாதிரி கோயிலுக்குக் கோயில் ஐயர் இருக்கிற ஊரில் இந்தப் பெயர் படுத்தின பாடு கொஞ்சமல்ல. பிள்ளையார்பாளையத்தில், வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கிற எங்கள் தெருவில், கிறிஸ்தவ வேதக்கார வீடு எங்களுடையது ஒன்றுதான். சைக்கிள் மணி கேட்டால் போதும், அம்மா "ஐயரு வந்துட்டாரு, பாய எடுத்துப் போடு" என்று கத்துவாள். பக்கத்து வீட்டு ராஜம்மா தறியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார்.

"எந்த ஐயரு? கோயில் ஐயரா, உங்க ஐயரா?"

"எங்க ஐயருதாம்மா."

"அப்ப புள்ளைய அனுப்பறேன் இரு. ரெண்டு நாளா காய்ச்சலா இருக்குது. தலையில கைய வெச்சிட்டுப் போவச் சொல்லு."

ஐயர் காப்பி குடிப்பார், எல்லாரையும் பற்றி விசாரிப்பார், பிறகு எழுந்திருப்பார். அவர் எழுந்தால் நாங்கள் முழங்கால் போட வேண்டும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அது தானாக நடக்கும். ஜெபத்தில் ஆளின் பெயர், தெரு, ஊர், என்ன வியாதி, எத்தனை நாளாக என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற உமது அடியாள் கிருபையம்மாள் என்றுதான் என் அம்மாவின் பெயர் மேலே போகும், பிள்ளையாரையும் கூடவே கூட்டிக்கொண்டு. கர்த்தருக்கு விலாசம் தெரியாதா என்று சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் நன்றாகக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

நர்ஸ் வேலை கிடைத்து நான் சீமையிலிருக்கிற இந்த ஹடர்ஸ்பீல்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. பின்னாலேயே சாமுவேலும் எங்கள் மகள் பிரிசில்லாவும் வந்தார்கள். வந்தபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது கனவில்கூட இங்கிலீஷில்தான் உளறுகிறாள். மற்றபடி குறை சொல்ல முடியாது. குளிருக்கு நிலக்கரி அடுப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என்னை மரியாதையாக நடத்துகிறார்கள். ஆனால் மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் வெளியார் ஒருவர் வந்து நின்று ஜெபித்ததில்லை. இது எனக்குப் பெரிய குறை.

விகார் வருவதாக இருந்த வாரம் செவ்வாய்க்கிழமை, தம்பி எழுதிய நீலக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று எழுதியிருந்தான். கடிதம் வந்து சேர ஒன்பது நாள் பிடித்திருந்தது. அவன் எழுதிய வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள். நான் நர்ஸ். கட்டி என்றால் என்னவாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும், அதுதான் வினை. போக வழியில்லை, போன் கிடையாது. எப்படியும் ஐயர் வருகிறாரே, ஜெபம் பண்ணுவாரே என்று அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினேன்.

வியாழன் சரியாக நான்கு மணிக்கு வந்தார். உயரமான, கூச்சப்படுகிற மனிதர். வடையைச் சந்தேகமாகக் கடித்துவிட்டு, பிறகு மூன்று சாப்பிட்டார். மழையைப் பற்றிப் பேசினார், மழை நின்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் பேசினார். நான் அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். மிகவும் வருந்துவதாகவும், அம்மாவை நினைவில் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நினைவில் வைப்பதற்கு இவர் எதற்கு, அதை நானே செய்கிறேனே என்று எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் அவர் எழுந்தார். நானும் சாமுவேலும் சட்டென்று முழங்கால் போட்டோம்.

விகார் எங்களைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார். "ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, அந்த நீளக் காலை மடக்கித் தானும் கீழே இறங்கி, சோபாவுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிரிசில்லாதான் இங்கிலீஷில் சொன்னாள். "ஒன்றும் விழவில்லை. நீங்கள் ஜெபிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள்."

மனிதர் காது வரை சிவந்துபோனார். ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லையே என்று முணுமுணுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே கண்ணை மூடினார். பிறகு பிரிசில்லாவிடம், நோயாய் இருக்கிறவரை நீ எப்படிக் கூப்பிடுவாய் என்று மெதுவாகக் கேட்டார்.

"கிரானி இன் இண்டியா."

கிரானி இன் இண்டியாவுக்காக அவர் ஜெபிக்கத் தொடங்கினார். பாட்டிக்கு ஆயா என்கிற எங்கள் வார்த்தையை என் மகள் எப்போது தொலைத்தாளோ எனக்குத் தெரியாது. இந்தியாவில் எத்தனை கிரானி! எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியம், ஜெபத்துக்கு நடுவே கண்ணைத் திறந்து கத்திவிட்டேன். "கிருபையம்மாள்! பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்! வயித்துல கட்டி!"

சாமுவேல் என் கையைக் கிள்ளினார். விகார் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பில்லர்பாலியம் என்றார். திருத்தினேன். பையிலிருந்து காகிதம் எடுத்து என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துத் தப்பும் தவறுமாக முழுவதையும் சொல்லி ஜெபித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதேன்.

சனிக்கிழமை தந்தி வந்தது: ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் வந்தது.

"கெட்ட கட்டி இல்லியாம், பயப்படாத. எழுந்து நடக்கறேன். போன ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போனேன். ஐயரு தெருத்தெருவா பேரு சொல்லி ஜெபம் பண்ணிக்கினு வந்தாரு. நம்ம தெருவுல என் பேரு வந்துது, தம்பி பேரு வந்துது, இத்தன நாளா வந்த உங்க பேரக் காணோம். எல்லாத் தெருவும் முடிஞ்சப்பறம், தூரதேசத்துல இருக்கறவங்கன்னு கடைசியில உங்க மூணு பேரையும் சொல்றாரு. பழைய எடத்துலயே சொல்லுங்க ஐயரேன்னு கேட்டேன். அவங்க இங்க இல்லியேம்மான்றாரு. நான் என்னத்தச் சொல்றது? நீ வந்து சொல்லு."

சாமுவேல் படித்துவிட்டு, "அவர் சொல்றதும் நெஜந்தான?" என்றார். நிஜம்தான். நிஜம் என்பதால்தான் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே விகார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நோயாளிகளின் பட்டியலை வாசிக்கிறார். திருமதி சாமுவேலின் தாயார், கிருபையம்மாள், பிள்ளையார்பாளையம் என்கிறார். இப்போது நாக்கு நன்றாகப் புரள்கிறது, ளகரம்கூட வந்துவிட்டது. அம்மாவுக்குக் குணமாகிவிட்டது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் அவரிடம் சொல்ல வேண்டும். எங்களையும் பிள்ளையார்பாளையத்தையும் சேர்த்துச் சொல்கிற தேவாலயம் இப்போது இது ஒன்றுதான். இன்னும் சொல்லவில்லை.