ரவுண்டானாவில் நோலீன் வைத்த செடிகள்

எங்கள் ஊர் கூராபின்னில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய நோலீன் ட்ரெலோருக்குத் தயக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பாலம் தாண்டியதும் வரும் ரவுண்டானாவை அவள் காலையும் மாலையும் சுற்றிப் போவாள். நடுவில் நகராட்சி வைத்த ரோஜாக்கள் கோடைதோறும் கருகின. சிமெண்டு பூசிவிடலாம் என்று பேச்சு எழுந்ததும், நகராட்சித் தோட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் டேசியிடம் நேரே போய் நின்றாள்.

"சிமெண்டெல்லாம் வேணாம் கிளைவ். எங்கிட்ட விடு. பாட்டில் பிரஷ் வைக்கிறேன். நம்ம மண்ணுச் செடி, தானா வளரும்."

"வை தாயே. ஆனா கார்ல வர்றவனுக்கு எதிர்ல வர்ற வண்டி தெரியணும். இடுப்புக்கு மேல போச்சுன்னா நானே வந்து புடுங்கிருவேன்."

நோலீன் வீட்டு வாசலில் குட்டை ரகப் பாட்டில் பிரஷ் செடி ஒன்று இருந்தது. அடர்ந்து உருண்டு, வசந்தத்தில் கிளை நுனியெல்லாம் சிவப்பு பிரஷ்களாகப் பூக்கும். அதன் தண்டில் ஒட்டியிருந்த கெட்டிக் காய்களைப் பறித்துக் காகிதப் பையில் போட்டுக் காயவைத்தாள். காய் வெடித்து, மூக்குப்பொடி போல விதை கொட்டியது.

"ஏம்மா, கடையில ஒரே அளவுல கன்னு விக்கிறானே, வாங்கிட்டா என்ன?" என்றார் கணவர் மெர்வ்.

"எதுக்கு? என் செடியோட புள்ளைங்க என் செடி மாதிரிதானே இருக்கும்!"

இருக்கவில்லை. விதை போட்டு வளர்த்த கன்றுகள், ரவுண்டானாவில் நட்ட மூன்றாம் வருஷம் ஆளுயரத்துக்குக் கிளம்பின. ஆனால் பூ என்றால் அப்படியொரு பூ! கிளிக்கூட்டம் தேனுக்கு வந்து கத்திய கத்தலில் பஸ்ஸில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நோலீன் பெருமையில் மிதந்தாள்.

ஒரு காலை, பால் லாரியும் ஒரு சின்ன காரும் அங்கே மயிரிழையில் தப்பின. கிளைவ் வந்துவிட்டார்.

"புதருக்குப் பின்னால ஒண்ணுமே தெரியல நோலீன்."

"என் பஸ்ஸிலேர்ந்து பளிச்சுன்னு தெரியுதே. உன் கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட."

"நீ உக்கார்ற சீட்டு மாடியில இருக்கு. என் வண்டியில உக்காந்து பாரு, அப்புறம் என் கண்ணைப் பத்திப் பேசு."

உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டினாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

"தெரியல. நீ சொல்றதுதான் சரி. உன் வண்டியில மண்வெட்டி இருக்கா?"

மெர்வ் வாய்விட்டுச் சிரித்தபடியே வந்து தோண்டினார். செடிகளைக் கட்டையாக வெட்டி, வேர்மண்ணோடு கொண்டுபோய்ப் பள்ளி வேலியோரம் நட்டார்கள். அங்கே எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒன்றிரண்டு பட்டுப்போனாலும் மற்றவை துளிர்த்தன.

விதை தாயைப் போல வராது என்று இப்போது நோலீனுக்குத் தெரிந்துவிட்டது. கோடை முடிவில் வாசல் செடியிலிருந்தே பாதி முற்றிய குச்சிகளை ஒடித்து, கீழ் இலைகளை உருவி, ஈர மணலில் குத்திவைத்தாள். அவை தாயின் அச்சாகவே வந்தன. ரவுண்டானாவில் மறுபடி நட்டாள். ஒவ்வொரு தரமும் பூ வாடியதும், வாடிய பூவுக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுவாள். செடி இன்னும் அடர்ந்தது, உயரவில்லை.

நான் அந்தப் பள்ளியில் பாடம் நடத்திய வருஷங்களில், "ரெண்டு தரம் நட்டியாமே?" என்று யாராவது சீண்டினால், "ஆமா, அதனாலதான் ஊருக்கு ரெண்டு இடத்துல பூ" என்பாள், கியரை மாற்றிக்கொண்டே.

இப்போது பஸ் ஓட்டுவதில்லை. பூக்காலம் முடிந்ததும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக் கத்தரிக்கோலோடு நடு ரவுண்டானாவில் நிற்கிறாள். வண்டிகள் ஹாரன் அடித்துப் போகின்றன. அவள் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த கிளையைப் பிடிக்கிறாள்.