நாலாம் நாள் பந்து

ஆஸ்திரேலியாவில் நான் குடியிருக்கும் நகரத்தின் பஸ் ஸ்டாப்பில் தினமும் காலையில் என் தம்பி நின்று என்னைப் பார்க்கிறான். கண்ணாடிக்குள் ஆளுயர விளம்பரம். பச்சைச் சட்டை, கையில் வெள்ளைப் பந்து. எங்கள் ஊர் பாளையங்கோட்டையில் பந்து பட்டு உடைந்த முன்பல்லைப் படத்தில் முழுசாக்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் தள்ளி நின்றாலும் அந்தப் பல்லோடு என்னையே பார்க்கிறான். பயந்துபோய் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்த நாளும் உண்டு, சிரிக்காதீர்கள்.

தம்பி ஜெபசிங் சுழற்பந்து போடுகிறவன். முதல் நாள் அவனை யார் வேண்டுமானாலும் வெளுக்கலாம். நாலாம் நாள், சித்திரை மாதக் குளத்து மண்ணைப் போல ஆடுகளம் வெடித்த பிறகுதான் அவன் பந்து பேசும். இருபது ஓவரில் முடிகிற ஆட்டத்தில் ஆடுகளத்துக்கு எங்கே வயசாகிறது? மாநில அணியின் நாலு நாள் ஆட்டங்களில் விக்கெட்டுகளை அள்ளினான். ஆனால் ஐந்து நாள் டெஸ்டுக்கும் இருபது ஓவர் லீகில் மின்னியவர்களையே கூப்பிட்டார்கள். ஆறு வருஷம் காத்திருந்துவிட்டு, திரும்பாமல் சறுக்குகிற பந்து ஒன்றைப் பழகினான். அதைப் பார்த்து வெளிநாட்டு லீக் ஒன்று அழைத்தது. போவதென்றால், இனி இந்தியாவில் எந்த ஆட்டமும் ஆடுவதில்லை என்று கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்போது நான் லீவில் ஊரில் இருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய புதிது. ஒன்றை விட்டுக்கொடுப்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பது எனக்கு மனப்பாடம். எத்தனை வருஷம் காத்துக் கிடப்பாய், போய்விடு என்று சொல்லி, வரிவரியாக எழுத வைத்தேன். குடும்ப ஜெபத்துக்குப் பைபிளோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, உசுரோட இருக்கவனுக்குச் சாவுக் கடுதாசில்லா எழுதுத” என்றாள். அன்றைக்கு ஜெபத்தில் அவன் பெயரை அவள் சொல்லவில்லை.

பிறகு நாலு நாட்டில் நாலு நிறச் சட்டை. ஒரு மத்தியானம் ஏதோ ஓட்டல் அறையிலிருந்து கூப்பிட்டு, “எக்கா, நான் இப்ப எந்த ஊர்ல இருக்கேன்?” என்றான். வேடிக்கைக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

இந்த மாதம் எங்கள் நகர அணிக்கே வந்தான். மைதானத்தில் பாதி நாற்காலி காலி. ஆரவாரம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவரிடம், அவன் எங்கள் பாளையங்கோட்டைக்காரன் என்றேன். அவர், தம்பியின் சட்டையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைக் காட்டி, இல்லையம்மா, அவன் நம்ம ஊர்க்காரன் என்று பொறுமையாகத் திருத்தினார். பாஸ்போர்ட்டை மாற்றியவள் என்ன வாதாட முடியும்? தலையாட்டினேன்.

மறுநாள் அவனை வீட்டுக்கு அழைத்துத் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். டிவியில் சென்னை டெஸ்ட், நாலாம் நாள். ஆடுகளம் வெடித்துக் கிடந்தது. பச்சைச் சட்டையோடு சோபாவில் இருந்த தம்பியின் விரல்கள், அங்கே பந்துவீச்சாளர் ஓடிவரும்போதெல்லாம் மடியில் திருகின. பந்து தரையைத் தொடுமுன்பே, அது திரும்பப்போகிற பக்கம் அவன் தலை சாய்ந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சாப்பிட வாடா, ஆறிப் போகிறது என்றேன்.

“பொறு எக்கா” என்றான், கண்ணை எடுக்காமல். “இந்த ஓவர் நான்லா போடுதேன்.”

ஓவர் முடிந்தது. ஓவருக்கு முன் கொடுத்த தொப்பியை நடுவரிடம் திரும்ப வாங்குகிற பந்துவீச்சாளனைப் போல என் பக்கம் கையை நீட்டினான். அந்தக் கடிதத்தை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கையில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.