படகில் இடம் கேட்டவன்

கழுத்தின் வலப்பக்கம் ஒரு கட்டி. வலிக்கவில்லை என்பதால் பல வாரம் கவனிக்காமல் விட்டேன். புத்தூர் மருத்துவமனையில் பயாப்ஸி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) செய்து, நிணநீர்க் கணுவில் காசநோய் என்றார்கள்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்லைங்க. இது மத்தவங்களுக்குப் பரவாது. குழந்தையைத் தாராளமா தூக்குங்க" என்றார் டாக்டர். கணவரும் மாமியாரும் தலையாட்டினார்கள்.

ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை. மூன்று வயது மகள் யாழினி மாமியாரிடம். நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஆதாரங்களை வரிசையாக வைத்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பினேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார் மாமியார். கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியாருக்குக் கண்புரை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான்தான் படித்துக் காட்டுவேன். இப்போதும் படித்தேன், அறைக்குள்ளிருந்து. அவர் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து கேட்டார். கதையில் அணை உடைந்து ஊர் மூழ்குகிறது. உடம்பெல்லாம் புண்ணோடு ஒருவன் படகில் இடம் கேட்டுக் கெஞ்சுகிறான்.

"நாசமாப் போறவன், ஏத்திக்கிட்டா என்னவாம்?" மாமியாரின் குரல் உடைந்தது. "படகுக்காரன் என்னம்மா சொல்றான்?"

"எதுக்கும் இருக்கட்டும், நீ அடுத்த படகுல வான்னு சொல்றான் அத்தை."

அந்த வரி பத்திரிகையில் இல்லை.

கூடத்திலிருந்து மாமியார் கேட்டார்: "என்னையச் சொல்றியா?"

"படகுக்காரனைச் சொல்றேன்."

"வாய் ரொம்பத்தான் நீளுது உனக்கு." நாற்காலி நகரும் சத்தம். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "அங்க ஒண்ணும் சரியா கேக்கல. போடி, உங்கம்மாகிட்டப் போ. நீ மேல படி."

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆதாரங்களைக் காட்டுங்கள், போதவில்லையென்றால் கதை சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கையில் தண்ணீரில் தவிக்கும் முகம் இல்லை; கதையில் இருக்கிறது. அது என் மகளைத் திருப்பித் தந்தது. ஆனால் உயிரோடு ஒருத்தி அடுத்த அறையில் இருக்கும்போது, இல்லாத ஒருவன் மூழ்க வேண்டியிருந்ததே. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

மாத்திரைகள் இன்னும் சில மாதங்களுக்கு உண்டு. முன்பு உடம்பை வேலைக்குப் போகும் வண்டியாக நினைத்தேன். பிறகு பழுது பார்க்கும் பொருளாக. இப்போது மதியங்களில் யாழினி என் கைமேல் தலைவைத்துத் தூங்குகிறாள். கை மரத்துப்போகிறது. அவளாக விழிக்கும்வரை அசையாமல் கிடக்கிறேன்.