ஏரிக்கரையில் ஒரு தகரக் குவளை

பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனிலிருந்து சான் பெர்னார்தினோ என்ற ஏரிக்கரை ஊருக்கு வந்திருக்கிறேன். ஜெர்மானியர்கள் குடியேறி உண்டாக்கிய ஊர். காபிக்கடைச் சுவரில் நாட்டை ஆளும் ஜெனரலின் படம். பக்கத்திலேயே ஜெர்மனியின் ரைன் நதிப் படம். ஜெர்மனியில், பான் நகரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஜெர்மனில் சொன்னதும், கடைக்காரி பூரித்துப்போய் ஆப்பிள் கேக் வெட்டி வைக்கிறாள். எனக்குப் பீங்கான் கோப்பையில் காபி. என்னை அழைத்துவந்த டிரைவர் ரமோன் இந்நாட்டுக்காரர். அவருக்குப் பின்வாசல் படியில், நெளிந்த தகரக் குவளையில் காபி.

“அவரும் இங்கேயே உட்காரட்டுமே?”

“அதுகளுக்கு இதான் பழக்கம். உள்ள கூப்பிட்டா அதுகளே கூச்சப்படும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர் டீக்கடைக்காரரும் என் அப்பாவின் தனித் தம்ளரைக் கூரையில் செருகிக்கொண்டே இதையேதான் சொல்வார். கடல் தாண்டினால் தொலையும் என்று நினைத்த சனியன், எனக்கு முன்பே இங்கே வந்து கடை விரித்திருக்கிறது!

கேக்கைத் தொடாமல் காசை வைத்துவிட்டு வெளியே வருகிறேன். தகரக் குவளை படியிலேயே ஆறிக் கிடக்கிறது. மாமர நிழலில் ரமோன் தன் மாட்டுக்கொம்புக் குவளையில் மூலிகைத்தூள் போட்டுக் குளிர்ந்த நீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். மறுபடி நீர் ஊற்றி என்னிடம் தயங்கித் தயங்கி நீட்டுகிறார்.

“எங்க எல்லாருக்கும் இந்த ஒரே குழாய்தாங்க. உங்களுக்கு ஆகுமா?”

வாங்கிக்கொள்கிறேன். குழாயைத் துடைக்கவில்லை. கடைக்காரி ஜன்னலில் நிற்கிறாள். அவளுக்கு நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்று, அடிவரை சத்தமாக உறிஞ்சுகிறேன்.